தாலி எடுத்துக் கொடுத்தவன்

பூந்தமல்லி அகதிகள் விவகார அலுவலகத்திலிருந்து கரையான்சாவடி பேருந்து நிறுத்தம் வரை குமரன், செல்வி, நான் மூவரும் நடந்தோம். குமரன் இலங்கையில் பிறந்து, சிறுவயதில் படகில் வந்தவன். அவனைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள். அவன் மனைவி செல்வி இங்கேயே பிறந்த மேனாம்பேட்டுக்காரி, நிறைமாதம். கல்யாணம் நடந்ததை நிரூபித்தால் அவனும் இங்கேயே இருக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

பெண் வீட்டார் எதிர்த்ததால் கோயிலில் நடந்த கல்யாணம் அது. அவனிடம் சரியான ஆவணங்கள் இல்லாததால் பதிவும் செய்யவில்லை. கூட வேலை செய்த நான்தான் தாலி எடுத்துக் கொடுத்தேன். அதனால் சாட்சி சொல்லப் போனேன்.

"உங்க விலாசம்?" என்றார் அதிகாரி.

"வேலை எங்கியோ அங்கியே படுத்துப்பேன் சார்."

"ஆதார்?"

"எடுக்கல சார்."

அவர் பேனாவை மூடினார். "அப்போ உங்க சாட்சிய நான் எப்படி எழுதறது?"

பேருந்து நிறுத்தத்தில் செல்வி சிரித்தாள். "இன்னாண்ணா, ஊடு வாசல் கீறவனா பாத்து தாலி எடுத்துக் குடுக்கச் சொல்லியிருக்கணும் போல."

"விடு செல்வி. அண்டைக்குக் கல்யாணத்துக்கு வந்தது அவன் ஒருத்தன்தானே" என்றான் குமரன்.

அவள் சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். அவன் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கும் தங்காமல் திரிவதால் யாருக்கும் நான் பாரமில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி வாசலில் காவலாளி வேலையில் சேர்ந்தேன். என்னிடம் எந்த அடையாள அட்டையும் கேட்கவில்லை. அட்டை இல்லாமல் வருகிறவர்களை உள்ளே விடாமல் நிறுத்துவதுதான் வேலை.