சாவிக்காரர் வீட்டு மீட்டர்

சாவிக்காரர் அரத்தால் சாவியை நாலு ராவு ராவுவார். பித்தளைத் தூளை ஊதிவிட்டுக் கைப்பேசியைப் பார்ப்பார். திரையில் பச்சைக் கோடு ஏறியிருந்தால் உடனே வீட்டுக்குப் போன். "ஏம்மா, ஹீட்டர் ஓடுது போல?" மறுமுனையில் அவர் மனைவி, எனக்கு அக்கா, என்ன சொல்கிறார் என்பது எனக்குக் கேட்காது. சாவிக்காரரின் முகம் சுருங்குவதை வைத்து யூகித்துக்கொள்வேன். என் ஜெராக்ஸ் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஸ்மார்ட் மீட்டர் வேண்டாமென்று தெருவிலேயே அதிகம் குதித்தவர் இவர்தான். யார் வீட்டுக் கதவையும் ஐந்தே நிமிடத்தில் திறந்துவிடுவார். தன் வீட்டை மட்டும் ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாது. "நான் எப்ப குளிக்கிறேன்னு ஆபீஸ்ல உக்காந்து பாப்பானுங்களா?" என்று, மீட்டர் மாட்டிய மறுநாளே பெட்டிக்குப் பெரிய பூட்டாகப் போட்டார். கணக்கு மீட்டருக்குள் இருக்கும் சிம் வழியாகப் போகிறது, பூட்டு தடுக்காது என்று மின் ஊழியர் பொறுமையாக விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அதே கணக்கை நீங்களும் பார்க்கலாம் என்று கைப்பேசியில் ஒரு செயலியையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு அக்காவின் நிம்மதி போயிற்று.

அரை மணிக்கொரு முறை கோடு நீளும். அயர்ன் பாக்ஸா, வாஷிங் மெஷினா என்று உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். கொழுந்தியாள் வந்துபோனதைக்கூட அப்படித்தான் கண்டுபிடித்தார். "பகல்ல ஏசி ஓடியிருக்கே, யாரு வந்தா?" என்று அவர் கேட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஆபீஸ்காரர்களாவது போன் போட்டுக் கேட்டதில்லை.

போன செவ்வாய் மதியம் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. பிரிட்ஜ் ஓடினால்கூட ஒரு மயிரிழை தெரியும்; அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு விசாரித்தார், அங்கே கரண்டு இருந்தது. அக்கா போனை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவையும் எடுக்காதபோது அரத்தைக் கீழே போட்டார்.

"வண்டிய எடு தம்பி" என்றார் என்னிடம். சாவி செய்ய வந்த அம்மாள் பாதி ராவிய சாவியோடு அப்படியே நின்றார்.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கருவிப் பையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்த மனிதர் சொந்தக் கதவை உள்ளங்கையால் இடித்துக்கொண்டு நின்றார்.

அக்காவே வந்து திறந்தார். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வாரப் பத்திரிகை படித்திருக்கிறார். போன் அடித்ததும் தெரியும். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

"இவ்வளவு நேரம் நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? அதைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். மனைவியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கை மெல்ல மெயின் ஸ்விட்ச் பக்கம் போனது.

"இருக்கட்டும். எனக்குத் தோணுறப்ப நான் போட்டுக்கிறேன்" என்றார் அக்கா, மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்தபடி.

கை இறங்கியது. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுத் தானும் அருகில் உட்கார்ந்தார். பத்திரிகையை எடுத்து நீளவாக்கில் மடித்து அக்காவுக்கு விசிற ஆரம்பித்தார்.