முதலாளியின் கிடங்குக்குப் போன பூனை

எழுபதுகளின் கடைசியில் பட்டு நூல் விலை ஏறியது. தறியில் நீளவாக்கில் ஏற்றி நெய்யும் பாவு நூலை எங்கள் முதலாளி தறிக்காரர்களுக்குத் தருவதை நிறுத்திவிட்டார். கைவசம் இருந்த பாவுகளுக்கெல்லாம் கஞ்சி போட்டுச் சுருட்டி, விலை இன்னும் ஏறட்டும் என்று கிடங்கில் அடுக்கிக்கொண்டார். என் தறி சும்மா கிடந்தது. வீட்டுக்காரர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கப் போனார்.

ஒரு நாள் எங்கள் தெரு வழியாக வந்த முதலாளி என் வாசலில் நின்றார். பூனை கஞ்சி நக்கிக்கொண்டிருந்தது.

“பூனைக்கு ஊத்தற வூட்ல இன்னாம்மா கஷ்டம்? அத்த தொரத்திட்டு வா, பாவு பத்தி அப்பறம் பேசலாம்.”

தெருவே பார்த்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை இல்லாத எனக்கு அந்தக் கிழட்டுப் பூனைதான் பகலெல்லாம் பேச்சுத் துணை. அதை விரட்டுவதா? பாவி, நீ உருப்படுவாயா என்று மனசுக்குள் வைதேன். வாய் திறந்திருந்தால் தறி வேலையே போயிருக்கும்.

ஆனால் எங்களுக்கே அரை வயிறுதான். பூனை எலும்பும் தோலுமாகிவிட்டது. வெட்கத்தை விட்டு எதிர்வீட்டு நயினார் வீட்டு அக்காவிடம் கேட்டேன். சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், ராத்திரி அடுப்பு கிடையாது. மிஞ்சிய சோற்றில் தயிர் ஊற்றித் தினமும் வைக்கிறேன் என்றார் அக்கா. வயிறு நிறைந்தால் அது ஏன் இன்னொரு உயிரைக் கொல்லப் போகிறது என்பது அவர் கணக்கு. அப்படியேதான் ஆனது. மூக்குக்கு முன்னால் எலி ஓடினாலும் என் பூனை கண்ணைத் திறக்காது.

கஞ்சி வாசனைக்குக் கிடங்கில் எலி புகுந்தது. விஷம் வைத்தால் செத்த எலி பட்டின் மேல் நாறுமே என்று முதலாளிக்குப் பயம். அவரே தேடிக்கொண்டு வந்தார்.

“எலிங்க பூந்து துன்னுகினு இருக்குதும்மா. ராத்திரிக்கு மட்டும் பூனைய வுடு.”

முதலில் பாவு வரட்டும் என்றேன். மறுநாள் காலையிலேயே வந்தது.

அன்று முதல் அக்கா வைத்த தயிர்சோறு போதாதென்று நானும் ஒரு கரண்டி சேர்த்து, தடவித் தடவி ஊட்டினேன். பிறகு தூக்கிக்கொண்டு போய்க் கிடங்கில் விட்டேன். சுருட்டிய பாவுகளின் மேல் அது சுகமாகத் தூங்கியது. ஒரு உயிரும் சாகவில்லை என்று அக்காவுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், காரணம் வேறு.

கல்யாண சீசனுக்குப் பாவுகளைப் பிரித்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாம் எலி கடித்துக் கந்தலாகியிருந்தது. முதலாளி ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். அதற்குள் நான் அவர் தந்த பாவை நெய்து முடித்துக் கூலியும் வாங்கியிருந்தேன். வேறொரு முதலாளியிடம் வேலையும் பேசி வைத்திருந்தேன்.

உன் பூனை ஒரு எலிகூடப் பிடிக்கவில்லையே என்று கத்தினார்.

“பசிச்சாத்தானுங்களே புடிக்கும்? உங்க எடத்துல வந்து பட்டினி கெடக்கக் கூடாதுன்னு, தெனம் வயித்த ரொப்பித்தான் அனுப்பினேன்.”