நீல மீனுக்கு ஆறடி

கடல்மீனுக்குத் தொட்டி விற்கிறவன் மீனைப் பற்றிப் பேசுவது குறைவு. அவனுடைய பேச்செல்லாம் மற்றவர்களின் வீட்டுச் சுவரைப் பற்றித்தான். தொட்டி வைத்திருக்கிற உங்களுக்கும் இந்த வருத்தம் தெரிந்திருக்கும். முதலில் இடத்தை அளந்து, இடத்துக்குத் தொட்டி வாங்கி, கடைசியில் தொட்டிக்கு மீன் தேடுவோம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே இருந்த என் கடையில் ஒரு நீல மீன் இருந்தது. முதுகுச் செட்டை மஞ்சள். விரலளவில் வந்தது, உள்ளங்கையை விடப் பெரிதாகிவிட்டது. ஓயாமல் நீளத்துக்கு நீந்துகிற சாதி. ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் விட்டால் கண்ணாடியில் முட்டி, தீன் மறந்து, மெலிந்து செத்துப்போகும். போன வருடம் கட்டடச் சொந்தக்காரர் கடையை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். மற்ற மீன்கள் எல்லாம் போய்விட்டன. இதற்கு மட்டும் வீடு கிடைக்கவில்லை. மீனையும் அதன் தொட்டியையும் சும்மாவே தருகிறேன், ஆறடிச் சுவர் காட்டினால் போதும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

டிவிக்கும் அலுமாரிக்கும் நடுவில்

கிண்ணியாவிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து என் மேசையில் நீட்டினார். வீட்டில் டிவிக்கும் அலுமாரிக்கும் நடுவிலுள்ள இடத்தின் அளவு அது. இரண்டடி. மீன் வாலை ஆட்டுவதற்குள் கண்ணாடி வந்துவிடும் என்றேன். துணி அளக்கிறவர் அல்லவா, நூலை மறுபடி இழுத்துப் பிடித்துப் பார்த்தார். கூடவில்லை.

“அலுமாரிய அசைக்க ஏலாது அண்ணன், அது பொஞ்சாதிட சீதனம். மீன்தான் கொஞ்சம் விட்டுக் குடுக்கோணும்.”

நிலாவெளி ஆறடி

நிலாவெளியில் ஒரு ஹோட்டல் முகாமையாளர், தாங்களே ஆறடித் தொட்டி செய்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். மீனைக் கடையிலேயே வைத்துவிட்டு நான் மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். தொழில் பழக்கிய பழக்கம். வரவேற்பு மண்டபத்தில் தொட்டி தூண் போல நின்றது. உயரம் ஆறடி, அகலம் ஒன்றரை. உள்ளே விளக்கும் போட்டிருந்தார்கள். இந்த மீன் ஏறி இறங்குகிற மீன் இல்லை, நீளத்துக்குத்தான் ஓடும் என்றேன். முகாமையாளர் மரியாதையான பிள்ளை. இளநீர் தந்துவிட்டுச் சொன்னார்:

“ஐயா, எங்கட பொடியங்கள் முழு நாளும் மேலயும் கீழயுந்தான் ஓடுறாங்கள். அவங்கள் பழகேல்லையே?”

கடலில் விட்டால்

கடை வாசலில் நின்றால் துறைமுகம் தெரியும். அதற்குள்ளேயே விட்டுவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. மீனைக் குஞ்சாகப் பிடித்துத் தந்தவன் சல்லி ஊரில் கடலில் மூழ்கி மீன் பிடிக்கிற சுழியோடி செல்வம். அவனையே கூப்பிட்டுக் கேட்டேன். அவன் தொட்டிக்குள் விரலை விட்டான். மீன் ஓடி வந்து, பாசி தருவான் என்று நினைத்து விரல் நுனியைக் கொறித்தது. செல்வம் கையை உதறினான்.

“ஏலாதண்ணை. கடலில விட்டா, முதல் வாற பெரிய பாரை மீனிட்டப் போய்த் தீன் கேக்கும் இது.”

லிங்கநகர் அறை

கடையைக் காலி செய்ய வேண்டிய மாதக் கடைசி வந்துவிட்டது. லிங்கநகரில் என் வீட்டையே அளந்தேன். முன்னறையில் கதவும் யன்னலும் மாறி மாறி. குசினியில் சூடு. படுக்கையறையில் மட்டும் வெயில் படாத நீளச் சுவர் ஒன்று இருந்தது. அதை ஒட்டி, கலியாணத்துக்குச் செய்த முதிரை மரக் கட்டில். மனைவி இறந்த பிறகும் நான் சுவரோரமாக என் பக்கத்தில்தான் படுத்து வந்தேன். கட்டிலின் நீளத்தை அளந்தேன். ஆறடி மூன்று அங்குலம்.

செல்வமும் நானும் கட்டிலைக் கழற்றி மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் தொட்டியை வைத்தோம். எதிர்ப்பக்கம் எனக்கொரு மடக்குக் கட்டில். மீன் முதல் நாள் மூலையில் நின்றது. அடுத்த நாள் பாசி தின்றது, முழு நீளத்துக்கும் போய் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் தொட்டியையும் மடக்குக் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா போன நாள் தொட்டு அந்தக் கட்டிலை அசைக்க விடமாட்டன் எண்டனீங்கள். மீன் கேட்டவுடன குடுத்திட்டீங்கள், என்னப்பா?”

மீனுக்குத் தக்க தொட்டி, தொட்டிக்குத் தக்க சுவர், மிஞ்சுகிற இடத்தில் வீட்டுக்காரன் என்று அளந்துகொண்டால் பிழை வராது.