தக்காளிப் பெட்டியும் சந்தைப் பையும்

அந்தத் தக்காளிச் சங்கதியைத் தெரிந்துகொண்டு நீ என்ன செய்யப்போகிறாய்? உன் வீட்டுக் கூடையில் எது அழுகுகிறது என்று முதலில் போய்ப் பார். போகமாட்டாயா? சரி, கேள். சிரித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

மகனுக்கும் மருமகளுக்கும் மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. அங்கே காய்கறி விலையைக் கேட்டாலே வயிறு நிறைந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜீப்பில் போடிச் சந்தைக்கு இறங்கி, வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வருவது என் பொறுப்பு. பொறுப்பு என்பது வெளியே சொல்வதற்கு. உண்மையில் ஒரு டீ, சூடாக வடை, ஊர்ப்பேச்சு, மருமகள் கண்ணில் படாத ஒரு பகல்.

ஆனால் மலை ஈரத்தில் எந்தக் காயும் நிற்பதில்லை. கீரை மறுநாளே குழைந்துவிடும். கத்தரிக்காய் பூஞ்சை பிடித்துவிடும். போன மழையில் மருமகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அத்தே, இன்னொரு வாட்டி குப்பைக்குப் போச்சுன்னா சந்தைப் பைய எங்கிட்டக் குடுத்துருங்க. நானே போடிக்குப் போறேன்."

"போயேன் தாயி, யாரு வேணாங்குறா?" என்றேன். பையை மட்டும் என் பாய்க்கு மேலே ஆணியில் மாட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் பார்த்து, சந்தை கலையும் நேரத்தில் சிலமலை என்ற ஊர்க்காரர் ஒருவர் பாதி விலைக்குத் தக்காளிப் பெட்டியை நீட்டினார். "கொண்டு போ ஆத்தா, கல்லு மாதிரி இருக்கு." மேலே இருந்தது கல்தான். அடியில் இருந்தது வீட்டுக்கு வந்து கவிழ்த்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அவள் தோட்டத்துக்குப் போனதும் தேறியதையெல்லாம் அறுத்து, உப்புப் பிசறி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குத் தூக்கிப் போனேன். அங்கே அடுப்புப் பார்க்கிறவர் எனக்கு மாப்பிள்ளை முறை.

"வத்தல் போடணும் மாப்ளே. கீழ்த்தட்டுல ஓரமா வெரசா வச்சுரு."

"ஏலக்காயில தக்காளி வாடை அடிச்சா என் சோலி முடிஞ்சுரும் அத்தே."

"அடிக்காது. அதுக்கு நான் பொறுப்பு."

சொன்ன சொல் தவறவில்லை. ஏலக்காயில் தக்காளி வாடை துளியும் இல்லை. தக்காளியில்தான் ஏலக்காய் ஏறிவிட்டது.

அந்த வத்தல் போட்ட குழம்பை வாயில் வைத்த மருமகள் மெதுவாக நிமிர்ந்தாள். "அத்தே, இது கொழம்பா, பாயாசமா?"

"ரெண்டுந்தான். ஒரே சட்டியில முடிஞ்சா வெறகு மிச்சம்ல?"

மகன் மோரை ஊற்றிக்கொண்டான். அவள் சட்டியைக் கொண்டுபோய்க் குப்பையில் கவிழ்த்தாள். கையைக் கழுவிவிட்டு, ஆணியில் தொங்கிய சந்தைப் பையை எடுத்து மடித்துத் தன் துணிப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். "என்ன ஆத்தா, நீங்க போடிக்கு எறங்கலையா?"

"சந்தைக்குப் போக ஒரு ஆளு போட்டுட்டேன்" என்றேன். "சம்பளம் கெடையாது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்."