கண்ணாடியைத் தட்டியவர்

உத்திரமேரூர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதற்கெடுத்தாலும் குடவோலை. பேருந்தில் ஜன்னல் சீட்டு யாருக்கு, பொங்கலுக்கு யார் வீட்டில் சாப்பாடு என்று எந்த வழக்கு வந்தாலும் காகிதத்தைக் கிழித்துப் பெயர் எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கிவிடுவோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே எங்கள் ஊர்க் கோயில் சுவரில் தேர்தல் விதியை வெட்டி வைத்துவிட்டார்களே, அந்தத் திமிர். நானோ பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். கேட்கவா வேண்டும்?

என் நாத்தனார் சென்னையில் சின்ன வீட்டுக்கு மாறியபோது அவளுடைய ஐந்தடி மீன் தொட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டாள். மீன் இல்லை, வெறும் தொட்டி. கூடத்தில் மாமாவின் சக்கர நாற்காலிக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் வைத்தோம்.

மாமா என்றால் என் மாமனார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஒரு விசில் கொடுத்தால் எழுபது பேர் தொங்கிக்கொண்டு போகிற பஸ் நிற்கும். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். "ரைட்." பசித்தாலும் ரைட், வலித்தாலும் ரைட், மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் ரைட். முதலில் அழுதோம். பிறகு பழகிவிட்டது. பழகியதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

எந்த மீன் வாங்குவது என்று சண்டை வந்தது. கல்லூரிக்குப் போகிற மகளுக்கு ஏஞ்சல் வேண்டும். இறக்கை போல நீண்ட துடுப்போடு மெதுவாக மிதக்குமே, அது. என் வீட்டுக்காரர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவருக்கு மீசை நீட்டிக்கொண்டு வரும் கவுராமி. எனக்கு டைகர் மீன். உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை, சுறுசுறுப்பு, என்னைப் போலவே ஓரிடத்தில் நிற்காது. ஆளுக்கு இரண்டு சீட்டு எழுதிச் சொம்பில் போட்டோம். மகள் கண்ணை மூடி மூன்று சீட்டு எடுத்தாள். ஏஞ்சல், கவுராமி, டைகர். என்ன நியாயமான குலுக்கல், மூவர் கேட்ட மீனும் வந்துவிட்டது என்று கைதட்டினோம். கூடத்தில் நான்கு பேர் இருந்தோம்.

காஞ்சிபுரத்து மீன் கடைக்காரர் சொல்லத்தான் பார்த்தார். "தொட்டில வேற இன்னா வுடப் போறீங்க மேடம்? டைகரு கொஞ்சம்..."

"அதெல்லாம் சீட்டுக் குலுக்கி முடிவு பண்ணியாச்சு. நீங்க பையில போடுங்க" என்றேன். டீச்சரிடம் மேலே பேச அவருக்குத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பும்போது தொட்டி அவ்வளவு அழகாக இருக்கும். ஆள் நிழல் பட்டதும் தீனி வருகிறதென்று எல்லா மீனும் முன்பக்கம் ஓடிவந்து ஒன்றாக நிற்கும். ஒற்றுமை என்றால் இதல்லவா என்று படம் பிடித்து நாத்தனாருக்கு அனுப்பினேன்.

பத்து நாளில் ஏஞ்சல்களின் துடுப்பு கந்தலாயிற்று. துடுப்பு அழுகல் நோய் என்று போனில் பார்த்து நீல மருந்து ஊற்றினோம். ஒரு ஏஞ்சல் செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று. மகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கண்ணாடியில் விரல் தடங்களைப் பார்த்தேன். மாமா தட்டுகிறார். என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார்: "நான் மத்தியானம் சோறு குடுக்க வர்றப்பல்லாம் தட்டிக்கினு, ரைட்டு ரைட்டுன்னு கத்திக்கினுதான் கீறாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இன்னா மாமா, பஸ்ஸா ஓட்டிக்கினு கீறீங்க? நீங்க தட்டித் தட்டித்தான் அதுங்க பயந்து சாவுது. பேத்தி அழுவுறது தெரியல?"

அவர் இடது கையைத் தொட்டிப் பக்கம் நீட்டி, "ரைட்... ரைட்..." என்றார். எச்சில் வழிந்தது. நான் துடைத்துவிட்டு, நாற்காலியைத் தெருப் பக்க ஜன்னலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அன்று அவர் இட்லியைத் தொடவில்லை. வயசானால் வீம்பு என்று நினைத்தேன்.

நாலாம் நாள் மழைக்காகப் பள்ளி விடுமுறை. வீட்டுக்காரர் கடைக்கும் மகள் தோழி வீட்டுக்கும் போயிருந்தார்கள். விடைத்தாள் கட்டோடு, மாமாவின் நாற்காலி இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் அசையாமல் திருத்திக்கொண்டிருந்திருப்பேன். நிமிர்ந்தபோது தொட்டிக்குள் வேறு உலகம் நடந்துகொண்டிருந்தது. மிச்சமிருந்த ஒரு ஏஞ்சலை மூலையில் ஒதுக்கி, என் டைகர்கள் மாறி மாறி வந்து துடுப்பைக் கொத்திக்கொண்டிருந்தன. கவுராமிக்கு மீசையில் பாதி இல்லை. அந்த ஏஞ்சலுக்கு ஓடவும் இடமில்லை.

என் கை தானாகப் போய்க் கண்ணாடியைத் தட்டியது.

டைகர்கள் சிதறி ஓடின. ஏஞ்சல் மூலையை விட்டு மெல்ல வெளியே வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம் மாமா தெருவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை நாள், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை, அந்த மனுஷன் ஒற்றைக் கையால் அதைத் தடுத்திருப்பார்? எங்களிடம் சொல்ல அவரிடம் இருந்த ஒரே வார்த்தையைச் சொல்லியும் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. நாற்காலியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவந்து, "தப்பு பண்ணிட்டேன் மாமா" என்றேன். அவர் தொட்டியைப் பார்த்துக்கொண்டே "ரைட்" என்றார்.

எங்கள் ஊர்க் கல்வெட்டில் குலுக்கல் வருவது கடைசியில்தான். யார் யார் பெயரெல்லாம் குடத்துக்குள் விழவே கூடாது என்ற பட்டியல்தான் முதலில், அதுவும் நீளமாக. வருஷா வருஷம் அதைப் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். வீட்டில் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

டைகர்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏஞ்சல் கூடவா வுட்டீங்க? துடுப்பு ஆடிக்கினு கீறதப் பாத்தா டைகரு சும்மா வுடுமா?" இந்த முறை வாயை மூடிக்கொண்டு கேட்டேன். வளர்ந்தால் எவ்வளவு பெரிசாகும், எதன் வாய்க்குள் எது போகும், எது மேல்தண்ணீரில் திரியும், எது அடியில் மேயும் என்று அவர் சொல்லச் சொல்ல, வீடியோ காலில் ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினேன். வீட்டில் மகள் தாத்தாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்திருந்தாள். ஒரு மீனை வெகுநேரம் பார்ப்பார். தலையை ஆட்டி மறுப்பார், அல்லது ரைட். அடிமண்ணைக் கிளறிக்கொண்டு யார் வம்புக்கும் போகாத குட்டிக் கெளுத்தி ஆறு தேறின. மிஞ்சிய ஏஞ்சலுக்குத் துணையாக அதே அளவில் மூன்று ஏஞ்சல் தேறின. பளபளவென்று ஒரு சிவப்பு மீனுக்கு நான் ஆசைப்பட்டேன். மாமா மறுத்துவிட்டார். வாங்கவில்லை.

மாதங்களாகிவிட்டன, ஒரு மீனும் சாகவில்லை. ஆனால் கண்ணாடி தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. கேட்டால் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன், மகள் மாடியிலிருந்து இறங்குகிறாள், வீட்டுக்காரர் கைகழுவாமல் வருகிறார். தொட்டியில் ஒரு பிரச்சினையும் இருப்பதில்லை. மூவரும் மூச்சு வாங்க நிற்போம். மாமா எங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "ரைட்" என்பார்.