இறைச்சித் தட்டு வென்ற கோப்பை

தொலைபேசிக் கம்பி இழுத்து ஓய்வுபெற்ற மெர்வின் ஹாக்கிங், ஆஸ்திரேலியாவின் டப்போ ஊர்ப் பக்கம், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் மன்றத்தில், புள்ளி காட்டும் மின்பலகைக்குப் பொறுப்பாளர். மாட்டுச் சந்தை கழித்துக்கட்டிய பலகை அது. அதற்குத் தெரிந்த கணினிமொழியின் படிப்பு பாலர் வகுப்போடு நின்றுபோயிருந்தது. ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டுப் போகும் குட்டிக் கட்டளைத் தொகுப்பான துணைநிரலைக் கூப்பிடலாம், கூப்பிடும்போது கையில் ஒரு பெயரைக் கொடுத்தனுப்ப முடியாது. சொற்களை வைக்க இருப்பது ஒரே பெட்டி. பெயரை அதில் போட்டுவிட்டுக் கூப்பிட்டால், துணைநிரல் வந்து பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டை எழுத்தில் காட்டும். இந்த ஏற்பாட்டை மெர்வின் அரசியல் சாசனம்போல் காத்துவந்தார்.

மன்றத் தலைவர் நார்ம் டிரெவாஸ்கிஸுக்குப் புதுப் பலகை மேல் ஆசை. "இறுதி ஆட்டத்தன்னைக்கு ஒரு தப்பு வரட்டும் மாப்ள, உன் பலகை குப்பைக்குத்தான்," என்று சொல்லிவைத்திருந்தார்.

இறுதி ஆட்டத்தில், பத்தொன்பது வருடம் தோற்ற கிளாடிஸ் பாஸ்கோ ஜெயித்தார். மெர்வின் பொத்தானை அழுத்தினார். பலகை பளிச்சிட்டது: 'இவ்வாண்டு வெற்றியாளர்: இறைச்சித் தட்டு.'

அன்றைய குலுக்கல் பரிசான இறைச்சித் தட்டின் பெயரைப் பலகையில் மினுக்கிக் காட்ட மெர்வின் அன்று காலைதான் புதுத் துணைநிரல் எழுதியிருந்தார். கிளாடிஸின் பெயரைப் பெட்டியில் போட்டதற்கும் காட்டச் சொன்னதற்கும் நடுவில் அதைச் செருகியிருந்தார். அது பெயரை வெளியே தள்ளிவிட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டது.

"பலகை மேல தப்பில்ல. நான் சொன்னதைத்தான் செஞ்சுது," என்றார் மெர்வின்.

"அப்ப உன்னையும் சேர்த்துக் குப்பையில போட்டுறலாம்," என்றார் நார்ம். குலுக்கலில் அந்தத் தட்டு அவருக்குத்தான் விழுந்திருந்தது. மூன்று கிலோ ஆட்டிறைச்சியை மடியிலேயே வைத்திருந்தார்.

கிளாடிஸ் பியரைக் கீழே வைத்தார். "இருங்கப்பா. பலகையில வந்ததுதான் தீர்ப்புன்னு போன வருஷம் என் ரெண்டு புள்ளியை வெட்டினது யாரு, நார்ம்?"

"நான்தான். அதுக்கென்ன இப்ப?"

"பலகை தப்பா காட்டும்னா, என் புள்ளி திரும்ப வரணும். போன வருஷக் கோப்பையும் வரணும்."

அந்த இரண்டு புள்ளியில் போன வருடக் கோப்பையை ஜெயித்தவர் நார்மின் மனைவி. அந்த அம்மாள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் நார்மைப் பார்த்தார்.

"பலகை தப்பே காட்டாது," என்றார் நார்ம்.

"அப்ப ஜெயிச்ச இறைச்சித் தட்டு நான்தான். கொண்டா இங்க."

தட்டு மடி மாறியது. மன்றக் குறிப்பேட்டில், 'பலகையில் பிழை ஏதும் இல்லை. தொடர்ந்து இயங்கும்' என்று நார்ம் தன் கையாலேயே எழுதினார். மெர்வின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"கையெழுத்து?" என்றார்.