சரோஜாம்மாவுக்காக மைக் பிடித்த மாலை

எங்கள் தெருவில் முதலில் காலேஜ் படித்தவன் நான். அதனால் சரோஜாம்மாவின் கருமாதி முடிந்த மாலை, ஸ்ரீரங்கத்தில் தெருக்காரர்கள் வைத்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள்.

வேனும் ரயிலும் பிடித்து எங்கள் தெருப் பெண்களைக் கன்னியாகுமரி, காசி என்று கூட்டிப்போனவர் சரோஜாம்மா. எங்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்ததும் அவர் நடையாய் நடந்ததால்தான்.

பேச்சுப் போட்டிக்குப் போவதுபோல எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மைக்கைப் பிடித்ததும் ஒரு வரிகூட வரவில்லை. டெல்லியிலிருந்து வந்திருந்த அவர் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இறங்கினால் அவர் அம்மாவுக்கல்லவா அவமானம்?

"வாயத் திறப்பா, பட்டதாரி!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வேறு வழி தெரியாமல், "சரோஜாம்மாகூட வெளியூர் போனவங்க கை தூக்குங்க" என்றேன்.

வரிசை வரிசையாகக் கைகள். கடைசியில் என் அம்மாவின் கை. காந்தி மார்க்கெட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போவதைத் தவிர அம்மா எங்கும் போனதில்லை என்றே நினைத்திருந்தேன்.

"நீ எங்கம்மா போன?" மைக்கிலேயே கேட்டுவிட்டேன்.

"ராமேஸ்வரம்டா, நீ ஹாஸ்டல்ல இருந்தப்போ. அலையப் பாத்துப் பயந்து நின்னேன். சரோஜாம்மாதான் கையைப் புடிச்சுக்கிட்டு கூடவே இறங்கினாங்க."

"சொல்லவே இல்லையே?"

"நீ எங்க கேட்ட?"

சரோஜாம்மாவின் மகள் அழுதுகொண்டே சிரித்தார். அதன்பின் நான் பேசவில்லை. கை தூக்கியவர்களிடம் மைக்கை நீட்டிக்கொண்டே போனேன்.

வீட்டுக்கு வந்ததும், கடல் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். சோறு வெந்து இறக்கிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.